பீட்டா, காப்புச்சீனோவா, ஏஇசட்-1-ஆ? ஒரே 64 குதிரைத்திறனில் மூன்று ஜப்பானியக் குட்டி கார்கள்

ஹோண்டா பீட், சுசுகி காப்புச்சீனோ, ஆட்டோசாம் ஏஇசட்-1. இந்த மூன்றில் எதை வாங்கலாம் என்று யோசிக்கிறவர்கள் முதலில் தேடுவது எதற்குச் சக்தி அதிகம் என்பதைத்தான். தேடிப் பயனில்லை. மூன்றுக்கும் 64 குதிரைத்திறன். நீளம் மூன்றுக்கும் 3,295 மில்லிமீட்டர், அகலம் 1,395. எஞ்சினும் மூன்றிலும் மூன்று சிலிண்டர்தான், 660 சிசிக்குக் கொஞ்சம் கீழே. காகிதத்தில் பார்த்தால் ஒரே காரை மூன்று கம்பெனிகள் விற்ற மாதிரித் தெரியும். ஆனால் இவற்றில் ஒன்றை ஓட்டிப் பழகியவர் அடுத்ததில் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும்.

இந்த ஒற்றுமை சட்டத்தால் வந்தது. ஜப்பானில் கெய் என்ற சிறுரக வண்டிகளுக்கு வரி குறைவு. பல ஊர்களில் நிறுத்துமிடச் சான்று காட்ட வேண்டிய தொல்லையும் இல்லை. 1990-இல் அந்த ரகத்தின் எஞ்சின் வரம்பை 550 சிசியிலிருந்து 660 சிசிக்கு உயர்த்தி, நீளத்தில் பத்து சென்டிமீட்டர் கூட்டினார்கள். 64 குதிரைத்திறன் என்பது மட்டும் சட்டப் புத்தகத்தில் இல்லை. 1987-இல் வந்த சுசுகி ஆல்டோ வொர்க்ஸ் அந்தச் சக்தியைத் தொட்டது. அதற்கு மேல் போட்டி வேண்டாம் என்று கம்பெனிகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டன, அவ்வளவுதான். மணிக்கு 140 கிலோமீட்டரில் வெட்டிவிடும் வேகக் கட்டுப்பாடும் மூன்றுக்கும் பொது.

வரி விதி கார் ரசிகனின் ஆசைக்கு உருவம் கொடுத்தது ஜப்பானில் மட்டும் நடந்த கதை இல்லை. இத்தாலியில் இரண்டு லிட்டரைத் தாண்டிய எஞ்சினுக்கு வரி எகிறியது. அதனால் ஃபெராரியே 208 என்று இரண்டு லிட்டர் வி8 கார் ஒன்றை முக்கியமாக உள்நாட்டுக்காகச் செய்தது. அது சோம்பலாக ஓடியதால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்துச் சக்தி கூட்டும் டர்போவையும் 1982-இல் வைத்தது. இந்தியாவில் நான்கு மீட்டர் நீளம், பெட்ரோலுக்கு 1,200 சிசி என்ற கோடு எத்தனை கார்களின் பின்பக்கத்தை வெட்டிச் சுருக்கியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் நெருக்கடியான ஒரு பெட்டிக்குள் இவ்வளவு துணிச்சலான மூன்று கார்கள் ஒன்றரை ஆண்டுக்குள் அடுத்தடுத்து வந்தது ஜப்பானில் மட்டும்தான். பொருளாதாரம் குமிழியாக ஊதியிருந்த காலத்தில் திட்டமிட்டவை இவை. விற்பனைக்கு வரும்போது குமிழி உடைந்திருந்தது. பிறகு அப்படி ஒரு கூட்டம் வரவே இல்லை.

இன்றைக்கு இவற்றை வாங்க நினைப்பவர் பெரும்பாலும் ஜப்பானுக்கு வெளியே இருப்பவர். டொரண்டோவிலோ லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இந்த ஆசை உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எது சிறந்த கார் என்று கேட்டால் நாள் முழுக்கச் சண்டை போடலாம். எந்த ஊரில் இருக்கிறீர்கள், அங்கே உதிரிபாகம் எப்படி வரும், குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்களா, வெயில் எவ்வளவு, இவற்றைச் சொன்னால் விடை பாதி கிடைத்துவிடும்.

முதலில் பீட். 1991 மே மாதம் வந்தது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கர ஓட்டம், ஐந்து கியர், மேனுவல் மட்டும். எடை 760 கிலோ. மற்ற இரண்டிலும் டர்போ இருக்க, இதில் கிடையாது. அதற்குப் பதிலாக மூன்று சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், அதாவது காற்றை விடும் வால்வு, வைத்தார்கள். முழுச் சக்தி நிமிடத்துக்கு 8,100 சுற்றில் வருகிறது. சிவப்புக் கோடு 8,500-இல். திருகுவிசை 60 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,000 சுற்றில்தான்.

இந்த எண்களின் அர்த்தம் ஓட்டும்போது புரியும். மூவாயிரம் சுற்றில் பீட்டை மிதித்தால் ஒன்றும் நடக்காது. கியரைக் குறைத்து, ஆறாயிரத்துக்கு மேல் கொண்டுபோய் அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். அப்போது முதுகுக்குப் பின்னால் எழும் சத்தம் ஒரு பந்தய பைக்கின் சத்தத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். கியர் லிவர் குட்டையாக, மணிக்கட்டு அசைவுக்கே நகரும். மூன்றில் வேகம் குறைந்தது பீட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் முழுத் திறனையும் ஊர் சாலையில் சட்டத்துக்கு உட்பட்டே பயன்படுத்தலாம். இரண்டாவது கியரைக் கடைசி வரை இழுத்தாலும் உரிமம் பறிபோகும் வேகம் வராது. இன்றைய 300 குதிரைத்திறன் காரில் இந்தச் சுகத்துக்கு வழியே இல்லை. அதன் திறனில் பாதியைத் தொடுவதற்குள் பக்கத்து ஊர் வந்துவிடும்.

பீட்டின் இன்னொரு பலம் எண்ணிக்கை. 1996 வரை ஏறத்தாழ 33,600 கார்கள் செய்தார்கள். அதனால் ஜப்பானில் இன்னும் நிறைய கிடைக்கின்றன, உதிரிபாகச் சந்தையும் உயிரோடு இருக்கிறது. 2017-இல் ஹோண்டாவே பீட்டுக்கான சில பாகங்களை மறுபடி தயாரித்து விற்க ஆரம்பித்தது. உற்பத்தி நின்று இருபது ஆண்டுக்கு மேலான ஒரு மலிவு காருக்கு அந்தக் கம்பெனி இப்படிச் செய்தது சாதாரண விஷயமில்லை. வாங்கப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய தெம்பு வேறு கிடையாது.

பலவீனங்களும் உண்டு. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் வயதாகிக் கசியும். கார் திடீரென்று கிளம்ப மறுக்கும், அல்லது சூடானதும் இடறும். பெட்டியைக் கழற்றிக் கொடுத்தால் நல்ல எலக்ட்ரானிக்ஸ் கைக்காரர் சரிசெய்துவிடுவார். இதைத் தெரியாமல் பெட்ரோல் பம்ப், பிளக், வயரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் உண்டு. டைமிங் பெல்ட் மாற்றிய வரலாறு காகிதத்தில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கூரையும் அதன் பின்கண்ணாடியாக இருக்கும் பிளாஸ்டிக் தாளும் முப்பது வருட வெயிலில் பழுத்திருக்கும். கதவுக்குக் கீழே ஓடும் படிப்பகுதியில் துரு இருக்கும், தட்டிப் பார்க்க வேண்டும். டிக்கி என்று ஒன்று பின்னால் இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பைக்கு மேல் வைக்க நினைக்காதீர்கள்.

காப்புச்சீனோ வேறு குணம். 1991 நவம்பரில் வந்தது. எஞ்சின் முன்னால் நீளவாக்கில், ஓட்டம் பின்சக்கரத்தில். நீண்ட மூக்கு, குட்டையான வால். பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார்களின் வடிவத்தை அப்படியே சுருக்கி வைத்த மாதிரி. எடை 700 கிலோ. எடைப் பங்கீடு முன்னால் 51, பின்னால் 49. நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். ஒரு சிறுரகக் காருக்கு இவ்வளவு செலவு செய்த சுசுகியை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

கூரைதான் இதன் தனிச் சிறப்பு. மூன்று அலுமினியப் பலகைகள். அப்படியே விட்டால் மூடிய கார். ஓரத்து இரண்டை எடுத்தால் டி-டாப், நடுப்பட்டை மட்டும் மிஞ்சும். நடுவிலுள்ளதையும் எடுத்தால் டார்கா, தலைக்கு மேல் கூரை இல்லை, பின்கண்ணாடி மட்டும் நிற்கும். பின்கண்ணாடிச் சட்டத்தையும் கீழே இறக்கிவிட்டால் முழுக்கத் திறந்த கார். நான்கு கார்களின் சுகம் ஒன்றில். எடுத்த பலகைகளை டிக்கியில் வைத்தால் டிக்கி நிரம்பிவிடும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. மனைவியோடு வாரக் கடைசியில் வெளியூர் போக நினைத்தால், கூரையா பெட்டியா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இதில் இரண்டு எஞ்சின்கள் உண்டு. இந்தத் தேர்வு காரைத் தேர்வது அளவுக்கே முக்கியம். 1995 வரை எஃப்6ஏ, அதன்பின் 1998 வரை கே6ஏ. எஃப்6ஏ இரும்பு பிளாக், டைமிங் பெல்ட், 85 நியூட்டன் மீட்டர். கே6ஏ முழு அலுமினியம், டைமிங் செயின், 103 நியூட்டன் மீட்டர், காரின் எடையும் பத்துக் கிலோ குறைவு. ஓட்ட நயம் பார்த்தால் கே6ஏ மேல். கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும். ஆனால் பிந்தைய காரில் ஆட்டோமேட்டிக் கியரும் உண்டு. ஜப்பானின் பழைய கார் ஏலப் பட்டியலில் விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று கே6ஏ ஒன்றைப் பிடிக்கும் முன் கியர் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் இந்தக் காரை ஓட்டுவதற்கு, வாங்காமலே இருக்கலாம்.

எஃப்6ஏ என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் வண்டி வேலை பார்த்தவர்களுக்கு ஏதோ ஒரு பொறி தட்டும். மாருதி 800-இல் இருந்த எஃப்8பி அதே எஃப் குடும்பத்து எஞ்சின்தான். அதுவும் மூன்று சிலிண்டர், 796 சிசி. பாகங்கள் அப்படியே ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. காப்புச்சீனோவில் இரட்டை கேம்ஷாஃப்ட்டும் டர்போவும் இருக்கின்றன. ஆனால் அந்தக் குடும்பத்தின் குணம் ஒன்றே. எளிய அமைப்பு, ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் எளிதில் சாகாத எஞ்சின். மாருதி 800-ஐப் பிரித்துப் பூட்டிய கைகளுக்கு இந்த எஞ்சின் அந்நியமாக இருக்காது.

காப்புச்சீனோவின் எதிரி துரு. சாதாரணத் துரு இல்லை. படிப்பகுதி, பின்சக்கர வளைவு, தரை, முன் சப்ஃபிரேம் என்று கட்டமைப்பையே தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு பிஸ்கட் மாதிரி நொறுங்கும். சரிசெய்ய முடியாது என்றில்லை. வெல்டிங் கூலி காரின் விலையைத் தாண்டிவிடும், அதுதான் பிரச்சினை. கீழ்ப்பகுதியின் தெளிவான படம் இல்லாமல் காப்புச்சீனோவுக்குப் பணம் அனுப்பவே கூடாது.

மூன்றாவது, ஏஇசட்-1. மாஸ்டாவின் ஆட்டோசாம் என்ற விற்பனைப் பிரிவின் பெயரில் 1992 இறுதியில் வந்தது. இதிலும் சுசுகியின் எஃப்6ஏ டர்போ எஞ்சின்தான். அது இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது. திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் தோஷிஹிகோ ஹிராய். இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காரான முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ உருவாக்கிய அதே பொறியாளர். எஃகுச் சட்டத்தின் மேல் ஃபைபர் பலகைகளைப் பூட்டிய உடல். 720 கிலோ எடை. பறவைச் சிறகு மாதிரி மேலே திறக்கும் கதவுகள். 1989 டோக்கியோ மோட்டார் ஷோவில் காட்டிய மாதிரிக் காரைப் பார்த்தவர்கள் இதைக் கம்பெனி உண்மையில் விற்கும் என்று நம்பியிருக்க மாட்டார்கள். விற்றது. ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. விலை 14,98,000 யென். இதோடு கொஞ்சம் சேர்த்தால், 17 லட்சம் யென்னுக்கு அறிமுகமான எம்எக்ஸ்-5-ஐயே வாங்கிவிடலாம் என்ற நிலை. ஏறத்தாழ 4,400 கார்களோடு நின்றுவிட்டது. சுசுகி தன் பெயரில் காரா என்று விற்றவை இன்னும் சில நூறு.

ஓட்டுவதற்கு இது மூன்றிலும் கூர்மையானது. ஸ்டியரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 2.2 சுற்றுதான். கையை அசைத்தால் மூக்கு திரும்பியிருக்கும். எடையில் நூற்றுக்கு 56 பங்கு பின்னால். சக்கர இடைவெளியும் குறைவு. ஈரச் சாலையில் வளைவின் நடுவே காலைச் சட்டென்று எடுத்தால் வால் முன்னால் வந்துவிடும், திருத்த நேரம் கிடைக்காது. பழகிய கைக்கு இதைப் போல ஆனந்தம் வேறில்லை என்று இதன் ரசிகர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் முதல் நடு-எஞ்சின் காராக இதை வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அன்றாட வசதி என்று பார்த்தால் சிரமம் நிறைய. ஜன்னலில் ஒரு சின்னப் பட்டை மட்டும் திறக்கும். கதவின் மேல்பகுதி முழுக்கக் கண்ணாடி. வெயில் நேரே தலையில் இறங்கும், எஞ்சின் முதுகில் சூடேற்றும். ஸ்டெப்னி டயர் இருக்கைக்குப் பின்னால் கார் உள்ளேயே இருக்கிறது. ஆறடி உயரம் உள்ளவருக்கு உட்காருவதே ஒரு வேலை. ஃபைபர் பலகைகள் துருப்பிடிக்காது என்பது நல்ல செய்தி. உடைந்தால் வாங்க இடமில்லை என்பது கெட்ட செய்தி. கண்ணாடி உடைந்தால் நிலைமை அதைவிட மோசம். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே விலையும் எகிறிவிட்டது. நல்ல ஏஇசட்-1 ஒன்றின் விலைக்கு இரண்டு பீட் வாங்கலாம், சில சமயம் அதற்கு மேலும்.

இப்போது நாடுகளுக்கு வருவோம்.

பிரிட்டனில் இருப்பவருக்குத்தான் வேலை சுலபம். சாலை இடதுபக்கம், ஸ்டியரிங் வலதுபக்கம், மூன்றும் அப்படியே பொருந்தும். பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காருக்குத் தனி அங்கீகாரச் சோதனை வேண்டாம். சுங்கத்துக்குத் தகவல், எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை, பின்பக்கப் பனிவிளக்கு, மைல் காட்டும் மீட்டர், இவை முடிந்தால் பதிவு. முப்பது ஆண்டு தாண்டி, மாற்றமில்லாமல் அசலாக இருக்கும் காருக்கு இறக்குமதி வரி இல்லை, வாட் வரியும் 5 சதவீதம்தான். இந்தச் சலுகைக்காகவே நிறையப் பேர் 90-களின் தொடக்க கார்களைத் தேடுகிறார்கள். அதனால் டர்போ மாற்றியது, அகலச் சக்கரம் போட்டது போன்றவற்றைத் தவிர்த்து, கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள காராகப் பாருங்கள். ஓட்டுகிற சுகத்தோடு வரியும் மிச்சம். ஒன்று மட்டும்: இந்த வயதுக் கார்கள் லண்டனின் யூலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு மண்டலத்தின் வரம்பைத் தேறாது. நாற்பது வயதாகி வரலாற்று வாகனமாகும் வரை, நகருக்குள் எடுத்த ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வீடு உள்ளவருக்கு, வீட்டு வாசலிலிருந்து வெளியே எடுத்தாலே கட்டணம்தான். இதைக் கணக்கில் சேர்க்காமல் வாங்கினால் ஒவ்வொரு ஞாயிறும் உறுத்தும்.

பிரிட்டனுக்கு என் தேர்வு காப்புச்சீனோ. சுசுகியே 1993 முதல் 1995 வரை அங்கே அதிகாரபூர்வமாக விற்ற கார் இது ஒன்றுதான். ஆயிரத்துச் சொச்சம் கார்கள்தான் விற்றன. ஆனால் அந்த ஆயிரம் கார்கள் ஒரு உரிமையாளர் சங்கத்தையும், துருப் பகுதிகளுக்குத் தகடு வெட்டிக் கொடுக்கும் ஆட்களையும், இந்தக் காரை அறிந்த மெக்கானிக்குகளையும் உருவாக்கி வைத்துவிட்டன. ஆனால் அங்கேயே முப்பது குளிர்காலம் உப்பில் ஓடிய காரைவிட, ஜப்பானின் உப்பில்லாத பகுதியிலிருந்து வந்த காரை எடுப்பது நல்லது. ஹொக்கைடோ மாதிரிப் பனி கொட்டும் பகுதியில் ஓடிய கார் என்றால் அங்கேயும் உப்புதான்.

கனடாவில் 15 ஆண்டு தாண்டிய எந்தக் காரையும் இறக்கலாம். இந்தத் தளர்வால்தான் அமெரிக்காவுக்கு முன்பே அங்கே ஜப்பானியக் கார்கள் குவிந்தன. கியூபெக்கில் மட்டும் வலதுபக்க ஸ்டியரிங் உள்ள காருக்கு 25 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இந்த மூன்றும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஒன்டாரியோவில் பாதுகாப்புச் சான்று வாங்க வேண்டும். இங்கே எனக்குச் சரியென்று படுவது பீட். காரணம் எளிது. மெக்கானிக்குக்கு இந்தக் கார் புதிதாக இருக்கும், அதனால் பாகம் கிடைக்கிற காராக இருக்க வேண்டும். டர்போ இல்லாததால் கெட்டுப்போக ஒரு பொருள் குறைவு. வெப்பம் குறைந்த ஊரில் திறந்த காரின் மே முதல் செப்டம்பர் வரையான சுகமும் கிடைக்கும். நவம்பரில் முதல் உப்பு லாரி சாலையில் இறங்கும் முன் காரை மூடி வைத்துவிட வேண்டும். ஒன்டாரியோவின் நெடுஞ்சாலை 401-இல் பெரிய லாரிகளுக்கு நடுவே பீட்டை ஓட்டுவது பற்றி ஒரு வார்த்தை. உங்கள் தலை அவற்றின் சக்கர அச்சின் உயரத்துக்குத்தான் வரும். முடிந்தவரை ஊர்ப்புறச் சாலைகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் இந்தக் காருக்கு உயிர்.

அமெரிக்காவில் 25 ஆண்டு தாண்டிய காரைத்தான் தாராளமாக இறக்கலாம் என்ற விதி. 1988-இன் சட்டத்திலிருந்து வந்தது. கார் செய்த மாதத்திலிருந்து எண்ண வேண்டும். மத்திய அரசு விட்டாலும் மாநிலம் விடுமா என்பதுதான் கேள்வி. மெய்ன், ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் கெய் வண்டிகளுக்குப் பதிவு மறுத்த காலம் உண்டு. சில மாநிலங்கள் பிறகு மனம் மாறின. கலிபோர்னியாவில் புகை விதி தனிப் பெரிய மலை. அதனால் அமெரிக்காவில் எந்தக் கார் என்று யோசிக்கும் முன், உங்கள் மாநிலத்தில் அதே மாதிரிக் கார் ஒன்று எண் தகட்டோடு ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 25 ஆண்டு தாண்டிய காருக்குத் தடையில்லை. வலதுபக்க ஸ்டியரிங், உப்பில்லாத சாலை, நல்ல வெயில். கார் வைத்துக்கொள்ள இதுவரை சொன்ன நான்கு நாடுகளிலும் நல்ல இடம் இதுதான். அங்கே கவனிக்க வேண்டியது ஆஸ்பெஸ்டாஸ். பழைய பிரேக் பேடுகளிலும் கேஸ்கெட்டுகளிலும் அது இருக்கலாம். சிறிதளவு இருந்தாலும் துறைமுகத்தில் கார் மாட்டிக்கொள்ளும், சோதனைச் செலவும் உங்கள் தலையில். கப்பலேறும் முன்பே ஜப்பானில் அவற்றை மாற்றிச் சான்று வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். காரைப் பொறுத்தவரை காப்புச்சீனோ அல்லது பீட், இரண்டும் சரி. கோடையில் பிரிஸ்பேனில் ஏஇசட்-1-ஐ ஓட்ட ஆசைப்படுகிறவர், முதலில் ஒரு பகல் அதன் கண்ணாடிக்கூட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மலேசியாவில் இறக்குமதி அனுமதிச் சீட்டின் செலவே தனிக் கதை. ஆனால் அங்கே இந்த ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில், டைஹாட்சு மீராவின் உடன்பிறப்பு. ஜப்பானிலிருந்து வந்த டர்போ எஞ்சினை அந்தக் கஞ்சிலில் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வேகக் காரை ஓட்டும் கலை அங்கே ஒரு தலைமுறையாக வளர்ந்திருக்கிறது. அந்த மெக்கானிக்குகளின் அறிவு எந்த இறக்குமதிக் காரைவிடவும் மதிப்புள்ளது என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் இருப்பவருக்கு இந்த மூன்றும் எட்டாத தூரம். மூன்று ஆண்டுக்கு மேல் பழைய காரை இறக்க முடியாது. 2025-இல் வந்த தளர்வும் ஐம்பது வயது தாண்டிய கார்களுக்குத்தான். இலங்கையிலும் வயது வரம்பு இவற்றை அடைத்துவிடுகிறது. 660 சிசி வேகன் ஆர் ஓடாத தெரு அங்கே இல்லை என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டில் இதே குணமுள்ள கார் ஒன்று வேண்டுமென்றால் டாடா டியாகோ ஜேடிபி-யைத் தேடுங்கள். கோயம்புத்தூர் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து செய்தது. 2018 அக்டோபரில் 6.39 லட்சம் ரூபாய்க்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 குதிரைத்திறன், மேனுவல் கியர். நான்கு மீட்டர், 1,200 சிசி என்ற நம் ஊர் வரிக்கோட்டுக்குள் நின்றுகொண்டு, அதற்குள் எவ்வளவு குறும்பு செய்ய முடியுமோ செய்தார்கள். பீட்டைச் செய்தவர்களின் மனநிலையும் இதேதான். 2020-இல் பிஎஸ்-6 என்ற புகை விதி வந்தபோது அது நின்றுபோனது எனக்கு இன்றும் வருத்தம். நல்ல ஜேடிபி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவு சொன்னபின் ஒரு கேள்வியை நேர்மையாகக் கேட்டாக வேண்டும். எம்எக்ஸ்-5 வாங்கினால் என்ன? பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எல்லா இடத்திலும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 உள்ளூரிலேயே கிடைக்கிறது. பாகம் மறுநாள் வீடு தேடி வரும். 1.6 லிட்டர் எஞ்சின், நூற்றுக்கு மேல் குதிரைத்திறன், நெடுஞ்சாலையில் பயமில்லை. வீட்டில் ஒரே கார்தான், அதிலேயே வேலைக்கும் போக வேண்டும் என்றால் எம்எக்ஸ்-5-ஐ வாங்குங்கள், மறுபேச்சே வேண்டாம். இந்தச் சிறுரகக் கார்கள் இரண்டாவது காராக இருக்கும்போது மட்டுமே அர்த்தமுள்ளவை. அப்படி இடமும் வசதியும் இருந்தால், எம்எக்ஸ்-5 தராத ஒன்றை இவை தருகின்றன. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவில் திரும்பும்போதே கார் முழு மூச்சோடு உழைப்பது கையில் தெரியும்.

பழைய காரின் தலைவலி வேண்டாம் என்பவருக்கு ஹோண்டா எஸ்660 இருக்கிறது. 2015 முதல் 2022 வரை வந்தது. பீட்டைப் போலவே நடு எஞ்சின், டர்போவோடு, ஆறு கியர். எடை 830 கிலோ. ஆரம்ப ஆண்டுக் கார்கள் பிரிட்டனின் பத்தாண்டுக் கோட்டைத் தாண்டிவிட்டதால் அங்கே பதிவு சுலபம். கனடாவில் 2030 வரை காத்திருக்க வேண்டும். நல்ல கார், திடமான கார். பீட்டின் பைத்தியக்காரச் சத்தம் மட்டும் இதில் இல்லை. இன்னொரு பக்கம், பணம் இருக்கிறது, கூரையும் கதவும் வேண்டாம் என்றால் பிரிட்டனின் கேட்டர்ஹாம் செவன் 170. சுசுகியின் 660 சிசி டர்போ எஞ்சினை வாங்கி, 84 குதிரைத்திறனுக்கு ஏற்றி, 440 கிலோ உடம்பில் வைத்திருக்கிறார்கள். ஜப்பானிலேயே இது கெய் ரகத்தில் சேரும் அளவுக்கு ஒல்லி.

ஆக, இடம் தெரியாமல் ஒருவர் என்னிடம் கேட்டால் பீட் என்றே சொல்வேன். மூன்றிலும் ஓட்டுபவரிடமிருந்து அதிகம் கேட்பதும், உதிரிபாகத்தில் குறைவாகச் சோதிப்பதும் அதுதான். ஏஇசட்-1 வாங்குபவர் அதைச் சேகரிப்புக்காகத்தான் வாங்குகிறார். அப்படி வாங்குவதில் தவறில்லை, ஓட்டுவதற்கென்று வாங்கினால்தான் ஏமாற்றம்.

முடிவு செய்துவிட்டால் ஏலத்துக்குப் போகும் முன் இரண்டு வேலை. காரின் நிலையைக் குறித்திருக்கும் ஏலத் தாளை ஜப்பானிய மொழி தெரிந்தவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். மேலே போட்டிருக்கும் மதிப்பெண்ணைவிடக் கீழே கிறுக்கியிருக்கும் குறிப்பில்தான் துருவும் வெல்டிங்கும் இருக்கும். ஆர் என்று எழுதியிருந்தால் விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த கார் என்று அர்த்தம், விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அப்புறம், ஏலம் உங்கள் பெயரில் விழுந்த அன்றைக்கே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ரப்பர் ஹோஸ்கள், பிரேக் பேட், இவற்றை ஜப்பானிலிருந்து ஆர்டர் செய்து, முடிந்தால் காரிலேயே போட்டு அனுப்பச் சொல்லுங்கள். கார் துறைமுகத்தில் இறங்கிய பிறகு ஆர்டர் செய்தால், பார்சல் வந்து, மெக்கானிக்குக்கு நேரம் கிடைத்து, வேலை முடிவதற்குள் அந்தக் கோடையே போய்விடும்.